நோவா ஏன் பேசவில்லை?

ஆதியாகமத்தின் வெள்ளக் கதையில் எண்களுக்குக் குறைச்சலே இல்லை. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. மூன்று தட்டு, பக்கவாட்டில் ஒரு கதவு. மழை 40 நாள். தண்ணீர் பூமியை மூடிக்கிடந்தது 150 நாள். மலைகளுக்கு மேலே 15 முழம் வரை அது ஏறியது. அப்போது நோவாவுக்கு வயது 600. உள்ளே போன மனிதர்கள் எட்டுப் பேர். இவ்வளவையும் அளந்து எழுதியவர், வெளியே எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை. அவர்களுக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை, முகமும் இல்லை. எல்லாம் மாண்டன என்று இரண்டு மூன்று வசனங்களில் கதை அவர்களைக் கடந்துவிடுகிறது.

சண்டே ஸ்கூலில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒரு விலங்குக் கதை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நோவா தாத்தா சிரித்துக்கொண்டிருப்பார். பின்னால் வானவில். கொஞ்சம் வளர்ந்து வாலிபர் கூட்டத்துக்குப் போனால் அதே கதை எச்சரிக்கையாக மாறிவிடும். "அன்னைக்கு நோவா கூப்பிட்டாரு, ஒருத்தனும் வரல. கதவு சாத்தின பிறகு வந்து தட்டினா என்ன பிரயோஜனம்?" பாவம் பெருகியது, கடவுள் தண்டித்தார், நல்லவன் பிழைத்தான். இரண்டு வடிவத்திலும் கதை இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் ஆதியாகமம் 6 முதல் 9 வரை உள்ள அதிகாரங்களை ஓர் இலக்கியப் பிரதியாக, பிரசங்கத்தின் துணை இல்லாமல் நிதானமாகப் படித்தால் அது அப்படி அடங்குவதில்லை. தெய்வத் தீர்ப்பைப் பற்றிக் கிறிஸ்தவப் போதனைக்கு இருக்கும் நிச்சயம் அந்தப் பிரதிக்கே இல்லை என்பதுதான் என் வாசிப்பு.

முதலில் ஒரு பழைய விஷயம். வெள்ளக் கதை ஆதியாகமத்தில் பிறந்ததில்லை. 1872 டிசம்பர் 3ஆம் தேதி லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஒரு கட்டுரை வாசித்தார். அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழில் பழகி, பிறகு பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். நினிவேயில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளைப் படித்து, கில்காமேஷ் காவியத்தின் 11ஆம் பலகையில் ஒரு வெள்ளக் கதை இருப்பதை அறிவித்தார். கப்பல் கட்டுவது, மலைமேல் தங்குவது, பறவைகளை வெளியே விட்டுப் பார்ப்பது, இறங்கியதும் பலியிடுவது எல்லாம் அதில் இருந்தன. அதற்கும் முந்தைய அத்ராஹாசிஸ் என்ற காவியம் கி.மு. 17ஆம் நூற்றாண்டுப் பலகைகளில் கிடைத்திருக்கிறது. அதில் வெள்ளத்துக்கான காரணம் ரொம்ப எளிமையானது. மனிதர்கள் பெருகிவிட்டார்கள், அவர்கள் போடும் சத்தத்தில் என்லில் தெய்வத்துக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஆதியாகமத்தை எழுதியவர் இந்தக் காரணத்தை மாற்றினார். தூக்கம் கெட்ட தெய்வம் இருந்த இடத்தில் மனம் நொந்த கடவுளை வைத்தார். சத்தம் இருந்த இடத்தில் கொடுமையை வைத்தார். மனிதர்களைப் படைத்ததற்காகக் கடவுள் வருந்தினார் என்று எழுதும் துணிச்சலும் அவருக்கு இருந்தது. கடவுள் எப்படி வருந்த முடியும், அவர் மாறாதவர் ஆயிற்றே என்று பிற்கால இறையியலாளர்கள் தடுமாறினார்கள். நம் அறிவுக்கு எட்டுவதற்காக வேதம் இறங்கிவந்து பேசும் பேச்சு இது என்று கால்வின் விளக்கம் சொன்னார். மூலப் பிரதி அப்படி எந்த விளக்கமும் தரவில்லை. கடவுளுக்கு நெஞ்சு வலித்தது என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறது.

உலகம் அழிந்தால் அதற்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய பாய்ச்சல்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தமிழில் 'பாவம்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. ஒருவருக்காக இரங்கும்போதும் அதையே சொல்கிறோம், ஒருவரைக் குற்றம் சாட்டும்போதும் அதையே சொல்கிறோம். சத்தம் போட்டதற்காகச் செத்தவர்களைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிடலாம். பாவத்துக்காகச் செத்தார்கள் என்றதும் அந்த 'ஐயோ' வாயில் வர மறுக்கிறது.

பாபிலோனியக் கதையில் அந்த 'ஐயோ' இருக்கிறது. கில்காமேஷ் காவியத்தில் கப்பலிலிருந்து வெளியே பார்க்கும் உத்நாபிஷ்டிம், மனிதர்கள் எல்லாம் களிமண்ணாகிப்போனதைக் கண்டு உட்கார்ந்து அழுகிறார். இஷ்தார் தெய்வம் தன் பிள்ளைகளை நினைத்துக் கதறுகிறாள். எல்லாம் முடிந்த பிறகு ஏயா தெய்வம் என்லிலைப் பிடித்து நேராகவே கேட்கிறார்: தப்பு செய்தவனை அவனவன் தப்புக்குத் தண்டிக்க வேண்டியதுதானே, யோசிக்காமல் எல்லார் மேலும் எப்படி வெள்ளத்தை ஏவினாய்? கூட்டுத் தண்டனை சரியா என்ற கேள்வி அங்கே தெய்வங்களுக்கு நடுவிலேயே எழுந்துவிடுகிறது. கடவுள் ஒருவரே என்று ஆன பிறகு ஆதியாகமத்தில் இந்தக் கேள்வியை யார் கேட்பது? கேட்டிருக்க வேண்டியவர் நோவா.

நோவா கேட்கவில்லை. அவர் வாயே திறக்கவில்லை. 6ஆம் அதிகாரத்தில் கடவுள் நோவாவிடம் பேசுகிறார், நோவா சொன்னபடி செய்கிறார். 7ஆம் அதிகாரத்திலும் அப்படியே. 8ஆம் அதிகாரத்தில் வெளியே வா என்கிறார், வருகிறார். வெள்ளத்துக்கு முன்னால், வெள்ளத்தில், வெள்ளம் வடிந்த பிறகு, எங்கேயும் அவருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. ஊரைக் கூப்பிட்டு எச்சரித்தார் என்று நாம் கேட்டு வளர்ந்தது ஆதியாகமத்தில் கிடையாது. நோவாவை நீதியைப் பிரசங்கித்தவர் என்று சொல்வது பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட பேதுருவின் இரண்டாம் நிருபம்.

5ஆம் அதிகாரத்தின் வம்ச அட்டவணையை நாம் எல்லாரும் தாண்டிப்போய்விடுவோம். அதைக் கொஞ்சம் நின்று பார்த்தால் நோவாவின் மௌனம் இன்னும் கனமாகிறது. நோவாவின் அப்பா லாமேக்குக்கு நோவாவுக்குப் பிறகும் மகன்களும் மகள்களும் பிறந்தார்கள் என்று அங்கே இருக்கிறது. அதாவது நோவாவுக்குத் தம்பிகள் இருந்தார்கள், தங்கச்சிகள் இருந்தார்கள். பேழைக்குள் போன எட்டுப் பேரில் அவர்களில் ஒருவரும் இல்லை. தாத்தா மெத்தூசலா 969 வயது வரை இருந்தவர். மெத்தூசலாவின் 187ஆம் வயதில் லாமேக்கு, லாமேக்கின் 182ஆம் வயதில் நோவா, நோவாவின் 600ஆம் வயதில் வெள்ளம். கூட்டிப் பாருங்கள், 969 வருகிறது. கிழவர் வெள்ளம் வந்த அதே ஆண்டில் இறந்திருக்கிறார். வெள்ளத்துக்கு முன்னாலா, வெள்ளத்திலா என்று பிரதி சொல்லவில்லை. தன் தாத்தா, தன் கூடப்பிறந்தவர்கள் பற்றி நோவா ஏதாவது கேட்டாரா? ஒன்றும் இல்லை.

இந்த மௌனத்தை யூத வாசகர்கள் சும்மா விடவில்லை. நோவா தன் காலத்தவருக்குள் நீதிமான் என்று வருகிறதே, அந்தத் 'தன் காலத்தவருக்குள்' பாராட்டா, குத்தலா என்று தல்மூதில் இரண்டு ரபிகள் எதிரெதிராக நிற்கிறார்கள். அந்தக் கெட்ட தலைமுறைக்கு அவர் நல்லவர், வேறு காலத்தில் பிறந்திருந்தால் அவரை யார் கவனித்திருப்பார் என்பது ஒரு கட்சி. இடைக்காலத்தில் வந்த ஸோஹர் இன்னும் கடுமை. ஏசாயாவின் புத்தகம் அந்த வெள்ளத்தை நோவாவின் வெள்ளம் என்று நோவாவின் பேரிலேயே சொல்கிறது. ஏன் அவர் பேரில் என்றால், உலகத்துக்காக அவர் மன்றாடவில்லை, அதனால்தான் என்கிறது ஸோஹர். ஒப்பிடுவதற்கு ஆபிரகாம் பக்கத்திலேயே இருக்கிறார். சோதோம் அழியப்போகிறது என்று தெரிந்ததும் அவர் கடவுளை வழிமறித்து, 50 நீதிமான்கள் இருந்தால் விடுவீரா என்று தொடங்கி 10 வரைக்கும் இறக்கிக்கொண்டு வருகிறார். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரியே இருக்கும் அந்தக் காட்சி. ஆதியாகமம் இந்த இரண்டு பேரையும் ஒரே புத்தகத்தில் வைத்திருக்கிறது.

மலேசியாவில் வளர்ந்த நமக்கு இன்னொரு ஒப்பீடும் பக்கத்தில் இருக்கிறது. பள்ளியிலோ அக்கம்பக்கத்திலோ நபி நூஹ் கதை காதில் விழுந்திருக்கும். குர்ஆனின் நூஹ் பேசிக்கொண்டே இருப்பவர். 950 ஆண்டுகள் தன் மக்களோடு இருந்தவர், இரவும் பகலும் அவர்களை அழைத்தவர். அலைகள் மலைபோல எழும்போது தனியே நிற்கும் தன் மகனை, எங்களோடு ஏறிக்கொள் என்று கூப்பிடுகிறார். மலைமேல் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்கிறான் மகன். இருவருக்கும் நடுவில் ஓர் அலை வந்துவிடுகிறது. பிறகு அந்த அப்பா, அவன் என் குடும்பத்தவன் ஆயிற்றே என்று இறைவனிடம் கேட்கிறார். அவருக்கு மறுப்புதான் பதிலாக வருகிறது. ஆனாலும் அந்தக் கதையில் ஒரு தகப்பனின் குரல் பதிவாகிவிட்டது. வெளியே நின்ற ஒருவனுக்கு ஓர் உறவும் ஒரு வாக்கியமும் கிடைத்துவிட்டது. விவிலியத்தின் நோவா மூன்று மகன்களோடும் பத்திரமாக உள்ளே இருக்கிறார்.

இனி அந்தப் பிரதியின் மையமான இடம். கடவுள் ஏன் வெள்ளத்தை அனுப்பினார்? மனித இருதயத்தின் நினைவுகள் எப்போதும் பொல்லாதவையாக இருந்ததால் என்கிறது 6ஆம் அதிகாரம். வெள்ளம் வடிகிறது, நோவா பலியிடுகிறார். இனி ஒருபோதும் இப்படிச் செய்யமாட்டேன் என்று கடவுள் தன் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறார். ஏன்? 8ஆம் அதிகாரம் தரும் காரணம்: மனித இருதயத்தின் நினைவுகள் சிறுவயது முதலே பொல்லாதவை. அழித்ததற்கும் அதுதான் காரணம், இனி அழிக்காமல் விடுவதற்கும் அதுதான் காரணம்!

இது கைதவறி வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெள்ளக் கதை இரண்டு பழைய மூலங்களைப் பின்னி உருவானது என்பது விவிலிய ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்ற கருத்து. ஓர் இடத்தில் விலங்குகள் ஒவ்வொரு ஜோடி, இன்னோர் இடத்தில் சுத்தமானவற்றில் ஏழேழு என்று வருவதெல்லாம் அதனால்தான். ஆனால் நான் சொன்ன இந்த இரண்டு வசனங்களையும் அவர்கள் ஒரே மூலத்துக்குத்தான் தருகிறார்கள். எழுதிய கை ஒன்று. அது தெரிந்தேதான் இரண்டு முனையிலும் ஒரே காரணத்தை வைத்திருக்கிறது. இரண்டாவது இடத்தில் வரும் 'கீ' என்ற எபிரேயச் சொல்லுக்கு 'ஏனென்றால்' என்பது வழக்கமான பொருள். சில நவீன மொழிபெயர்ப்புகள் அதை 'ஆனாலும்' என்று மாற்றிக்கொள்கின்றன. மனிதன் கெட்டவன்தான், ஆனாலும் விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் கேட்க இதமாக இருக்கிறது. 'ஏனென்றால்' என்றே வைத்தால் வேறொரு உண்மையைக் கேட்க வேண்டியிருக்கும். வெள்ளத்தால் மனிதன் மாறவில்லை. இவ்வளவு பேரைக் கொன்ற பிறகும் தண்டனை எதையும் திருத்தவில்லை. கதையில் மாறியவர் ஒருவர் உண்டென்றால் அவர் கடவுள்.

அடுத்து வரும் வில்லும் இதைத்தான் சொல்கிறது. எபிரேயத்தில் போர்வில்லுக்கும் வானவில்லுக்கும் ஒரே சொல். தமிழ் வாசகனுக்கு இதை விளக்கவே வேண்டாம், நம் சொல்லுக்குள்ளேயே வில் இருக்கிறது. போர் முடிந்து ஆயுதத்தைச் சுவரில் மாட்டுவது மாதிரி கடவுள் தன் வில்லை மேகத்தில் வைக்கிறார். அது மனிதருக்கான நினைவூட்டல் என்றுதான் நமக்குச் சொல்லித்தந்தார்கள். பிரதியில் அதைப் பார்த்து நினைவுகூரப் போகிறவர் கடவுள். தன் கோபத்துக்குத் தானே போட்டுக்கொண்ட முடிச்சு அது.

கிறிஸ்தவப் போதனை இந்த இடத்தில் அதிகம் நிற்கவில்லை. மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு நோவாவின் காலத்தைச் சொல்லும்போது அந்த மக்கள் சாப்பிட்டார்கள், குடித்தார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள் என்றுதான் சொல்கிறார். எவ்வளவு சாதாரணமான பட்டியல்! ஒரு குற்றம்கூட அதில் இல்லை. அங்கே எச்சரிக்கை, எதிர்பாராத வேளையைப் பற்றியது. பேதுருவின் முதல் நிருபத்தில் வெள்ளம் ஞானஸ்நானத்தின் உருவகமாகிறது. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜின் பிஷப் சிப்ரியன், பேழைக்கு வெளியே எப்படி யாரும் தப்பவில்லையோ அப்படியே திருச்சபைக்கு வெளியேயும் தப்பமுடியாது என்று வாதிட்டார். 5ஆம் நூற்றாண்டில் அகஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலில் பேழையின் அளவுகளைக் கிறிஸ்துவின் உடலாகவும், பக்கவாட்டுக் கதவை ஈட்டி பாய்ந்த காயமாகவும் விளக்கினார். உருவகமாக அது அழகுதான். ஆனால் பேழை உருவகமாக ஆக ஆக, வெளியே தத்தளித்தவர்கள் காணாமல் போகிறார்கள். இனி வெள்ளம் வராது என்ற வாக்குறுதிக்கும் ஒரு சந்து கண்டுபிடித்தாகிவிட்டது. "தண்ணியால அழிக்க மாட்டேன்னுதான் சொன்னாரு, நெருப்பு இருக்குல்ல?" பேதுருவின் இரண்டாம் நிருபம் இந்த வழியைத் திறந்துவைத்திருக்கிறது. 8ஆம் அதிகாரத்தில் கடவுள் தன்னோடு பேசிக்கொண்டது இதற்குள் தொலைந்துபோகிறது.

நோவா கடைசியில் பேசுகிறார். குடித்துவிட்டு நிர்வாணமாகக் கிடந்து, விழித்தெழுந்து, தன் பேரனைச் சபிக்கிறார். விவிலியத்தில் அவருடைய முதல் வார்த்தை சாபம். அப்பாவைப் பார்த்தவன் காம், சாபம் விழுவது அவன் மகன் கானான்மேல். கானான் அடிமையாக இருப்பான் என்ற அந்தச் சாபத்தை எடுத்துக்கொண்டு, காமின் வம்சம் என்றால் கறுப்பர்கள் என்று பிரதியில் இல்லாத ஒன்றைச் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைமுறைக்கு நியாயம் சொன்னார்கள். தீர்ப்பு வழங்கும் கதையை மனிதர்கள் கையில் எடுத்தால் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வெளியே இருந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் கலைஞர்கள். 1508க்கும் 1512க்கும் இடையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த வெள்ளத்தைப் பாருங்கள். பேழை எங்கோ பின்னால் சின்னதாக இருக்கிறது. முன்னால் முழுக்க மனிதர்கள். மூட்டை சுமக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். போப்பின் தலைக்கு மேலேயே அதை வரைந்துவைத்துவிட்டுப் போய்விட்டார் மனிதர். 1866இல் வந்த குஸ்தாவ் டோரேயின் விவிலியச் சித்திரத்தில், மூழ்கிக்கொண்டிருக்கும் பெற்றோர் பிள்ளைகளை ஒரு பாறைமேல் ஏற்றிவிடுகிறார்கள். அதே பாறையில் ஒரு புலி தன் குட்டியோடு நிற்கிறது.

2014இல் டேரன் அரோனாஃப்ஸ்கி எடுத்த 'நோவா' படத்தில் நான் மறக்காத ஒரு காட்சி உண்டு. பேழைக்குள் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, வெளியே பாறையைப் பற்றிக்கொண்டிருப்பவர்களின் அலறல் கேட்கிறது. கயிறு போடலாம் என்கிறார்கள் உள்ளே இருப்பவர்கள். நோவா மறுக்கிறார். பிறகு அந்த நோவா, மனித இனமே முடியவேண்டும் என்பதுதான் கடவுளின் விருப்பம் என்று நம்பி, பிறந்த இரட்டைப் பேத்திகளைக் கொல்லக் கத்தியோடு நிற்கிறார், கொல்ல முடியாமல் தோற்கிறார். கல் மனிதர்கள் போல எழுந்து சண்டை போடும் பூதங்கள், தேவையில்லாத வில்லன் என்று படத்தில் குறைகள் நிறைய. ஆனாலும் அந்த அலறலைக் காதில் கேட்க வைத்ததற்காக அதை நான் மதிக்கிறேன். நபியை உருவமாகக் காட்டக்கூடாது என்பதால் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சில வளைகுடா நாடுகளிலும் படம் தடைசெய்யப்பட்டது. நம் ஊர் விவாதம் தடையோடு முடிந்துபோனது. படம் எழுப்பிய கேள்வி தியேட்டருக்கே வரவில்லை.

அந்தக் கேள்வி பழங்கதைக்கு மட்டும் உரியதில்லை. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தர் திருநாள். தேவாலயங்கள் நிரம்பியிருந்த காலைவேளையில் லிஸ்பனை நிலநடுக்கம் உலுக்கியது, கடலும் பின்னால் வந்தது. இது கடவுளின் தண்டனை என்று இயேசு சபைக் குரு மலாக்ரிடா சிறுநூல் எழுதினார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குப் போன யாத்திரிகர்களைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனது. இங்கே பினாங்கின் கரையிலும் உயிர்கள் போயின. அப்போதும் எல்லா மதத்திலும் இது தண்டனை என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அப்படிச் சொல்பவர் எப்போதும் பேழைக்குள் இருந்துதான் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். தன்னைத் தவிர்த்துவிட்டுத்தான் அந்தக் கணக்கு போடப்படுகிறது.

இத்தனைக்கும் அந்தக் கணக்கை மறுக்கும் இடம் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்கிறார் என்கிறது லூக்கா. மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெடுவீர்கள் என்று சேர்த்தும் சொல்கிறார்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை உயிரோடு நின்று கேட்பவர்களுக்கு. செத்தவர்கள்மேல் அவர் எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. இங்கே ஓர் எண் இருப்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 18 பேர் என்று யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவராக இருக்கும் நண்பர்களிடம் இந்தக் கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மற்றவர்களிடம் இதைக் கடவுளின் கொடூரம் என்று ஒரு வரியில் தள்ளிவிடவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பிரசங்கத்தின் சுருக்கத்தைத்தான் படிக்கிறார்கள் என்பது என் வருத்தம். 6ஆம் அதிகாரத்தையும் 8ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தண்டனையால் மனிதனைத் திருத்த முடியவில்லை என்று ஒத்துக்கொண்டு வில்லை மாட்டிவைக்கும் ஒரு கடவுளை அங்கே அந்த எழுத்தாளர் எழுதியிருக்கிறார். அடுத்த முறை எங்காவது கடல் பொங்கும்போதோ கோபுரம் விழும்போதோ யாராவது நம்மிடம் காரணம் சொல்ல வருவார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, செத்தவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான்.